பள்ளிப் பிள்ளைக்கு ஆன்லைன் ஆங்கில வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

என் பிள்ளைகள் இருவருக்கும், பிறகு எங்கள் தெருவில் எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆன்லைன் ஆங்கில வகுப்பு தேடிக்கொடுத்திருக்கிறேன். இதில் இடறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். டெமோ வகுப்பிலிருந்து தொடங்கினார்கள். மாலையில் டெமோ, இரவு உணவுக்குள் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு, பத்து மணிக்குள் முன்பணம். பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தார்கள்.

இந்த வழிகாட்டியில் டெமோ வகுப்பு ஏழாவதாகத்தான் வரும். அதற்கு முந்தைய ஆறு படிகளுக்கும் கட்டணம் எதுவும் இல்லை, மூன்று வாரம் போதும். ஒரு படியில் கிடைக்கும் விடையை வைத்துத்தான் அடுத்த படியைச் செய்ய முடியும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். வீட்டில் தமிழ் பேசும், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கையில் வேண்டியவை: ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, பிள்ளையின் ஆங்கிலப் பாடநூல், அதற்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள ஆங்கிலப் பாடநூல். பழைய நூல் வீட்டில் இல்லாவிட்டால் அரசின் பாடநூல் இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

1. எதற்காக என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஆங்கிலம் நன்றாக வர வேண்டும்" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த வகுப்பையும் தேர்ந்தெடுக்க முடியாது, எதையும் வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. தேவை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பள்ளித் தேர்வில் மதிப்பெண், படித்துப் புரிந்துகொள்வது, வாய் திறந்து பேசுவது. மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனை அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தார்கள். ஆசிரியர் நல்லவர், பையனும் பேசத் தொடங்கினான். ஆனால் அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது கடிதம் எழுதவும், கொடுத்த பத்தியைப் படித்து விடை எடுக்கவும் பயிற்சி. மதிப்பெண் அசையவில்லை. "ஆன்லைன் வகுப்பே வீண்" என்று பெற்றோர் முடிவு கட்டிவிட்டார்கள். வகுப்பிலும் குறையில்லை, பையனிடமும் குறையில்லை. தேவையைச் சொல்லாமல் சேர்த்ததுதான் பிழை.

நோட்டில் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: "ஆறு மாதத்தில் என் மகள் துணைப்பாடக் கதை ஒன்றை யார் உதவியும் இல்லாமல் படித்து, தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும்." காலக்கெடு இருக்கிறது, செய்ய வேண்டிய செயல் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

மூன்றும் தேவை என்று தோன்றினால் வாசிப்பை முதலில் வையுங்கள். பேசவும் எழுதவும் வேண்டிய சொற்கள் வாசிப்பிலிருந்துதான் சேர்கின்றன.

பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். நான் என் மகனுக்கு "பேச வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தேன். அவன் சொன்னது: "எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள்." அவனுக்கு முதலில் வேண்டியது உரக்க வாசிக்கும் பயிற்சி. அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் தேடல் முழுவதும் மாறிப்போனது.

2. வீட்டிலேயே அளந்து பாருங்கள்

நிறுவனங்களும் இலவச மதிப்பீடு செய்கின்றன. ஆனால் அதைச் செய்பவருக்கு உங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டிய தேவை இருக்கிறது. முதலில் உங்கள் அளவு உங்கள் கையில் இருக்கட்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை.

முதல் சோதனை வாசிப்பு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வில் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்று படிப்படியாகச் சோதித்தார்கள். படித்த சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் பொருளும் கேட்டார்கள். அதே வரிசை வீட்டுக்கும் பொருந்தும். எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறதோ அதுதான் அதன் நிலை.

இதில் பாடநூலை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஏழாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தன் பாடத்தை மடமடவென்று வாசித்தாள். நூலை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால், சிறிய எழுத்தில், அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். அவள் இவ்வளவு நேரமும் படித்தது தமிழை. ஐந்தாம் வகுப்பு நூலில் அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. அவள் அம்மா அதுவரை விசாரித்துவந்ததோ இலக்கண வகுப்பு.

இரண்டாவது சோதனை புரிதல். இரண்டு வகுப்பு கீழே உள்ள நூலில் ஒரு பக்கத்தை மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூல் கடினம், இன்னும் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டுத் தமிழில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் புரியாததால் தயங்குகிறதா, பேச வராததால் தயங்குகிறதா என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது எழுத்து: "நேற்று என்ன செய்தாய்" என்று ஐந்து வரி. நான்காவது பேச்சு: அதையே இரண்டு நிமிடம் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வைத்துப் பத்திரப்படுத்துங்கள், பத்தாவது படியில் அது வேண்டும்.

சோதனையின்போது திருத்தாதீர்கள். திருத்தினால் பிள்ளை தெரிந்ததை மட்டும் சொல்லும், உண்மையான நிலை மறைந்துவிடும். நான்கையும் ஒரே நாளில் செய்யவும் வேண்டாம், நாளுக்கு ஒன்று போதும்.

3. இடம், நேரம், கருவி: இவற்றை முதலில் உறுதி செய்யுங்கள்

காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேல் வரை டேட்டா எடுக்கும். தினம் 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் மாலை ஆறு மணிக்குள் பாதி தீர்ந்திருந்தால் வகுப்பு நடுவில் படம் உறையும். எந்தக் கைப்பேசி, யாருடையது, அந்த நேரத்தில் அது வீட்டில் இருக்குமா என்பதையும் பாருங்கள். அப்பாவின் கைப்பேசியில் வகுப்பு என்று முடிவு செய்துவிட்டு, அப்பா எட்டு மணிக்கு முன் வீடு திரும்ப மாட்டார் என்பதைப் பணம் கட்டிய பிறகு உணர்ந்த வீடு எனக்குத் தெரியும்.

மைக் உள்ள ஹெட்போன் கட்டாயம் வேண்டும். சாதாரணமானதே போதும். ஆங்கிலத்தில் பி, எஃப், வி போன்ற ஒலிகளுக்கு இடையிலான வேறுபாடு கைப்பேசி ஒலிபெருக்கியில் கலங்கிப்போகும். காதில் தெளிவாக விழாத ஒலி வாயில் எப்படி வரும்?

நேரத்தைப் பொறுத்தவரை, பள்ளி முடிந்து வந்து ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பத்து வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வகுப்பு 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய பிள்ளைகள் 45 நிமிடம் தாங்குவார்கள். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிட வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மேல், ஏனென்றால் இடைவெளி நீளும்போது படித்தது நழுவிப்போகிறது.

4. இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பாருங்கள்

பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது. மூன்றாம் படியில் குறித்த அதே நேரத்தில், அதே இடத்தில், பணம் கட்டாத பாடங்களை இரண்டு வாரம் நடத்துங்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் கிட்ஸ் தளத்தில் கதைகளும் பாடல்களும் விளையாட்டுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீட்டை தீக்ஷா செயலியில் காட்டினால் பாடத்துக்குரிய காணொளிகள் வரும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் பிள்ளை எதிலும் நிற்காது.

இந்த இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டியது அந்த நேரம் வீட்டில் நிலைக்கிறதா என்பதைத்தான். விருந்தினர் வந்த நாள், மின்சாரம் போன நாள், தம்பி அழுத நாள் எல்லாவற்றையும் சேர்த்து, பன்னிரண்டு நாளில் ஒன்பது நாளாவது உட்கார்ந்தால் நேரம் சரி. ஐந்து நாள்தான் என்றால் நேரத்தை மாற்றி இன்னொரு வாரம் பாருங்கள். பணம் கட்டினால் ஒழுங்கு தானாக வந்துவிடும் என்று நம்பிச் சேர்த்தவர்களின் பிள்ளைகள்தான் மூன்றாவது மாதத்தில் நின்றார்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்த இலவசப் பாடமும் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவருமே போதும் என்று தெரியவரும். அப்படியானால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

5. எந்த வகை வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

பதிவு செய்த பாடங்கள், குழு வகுப்பு, ஒருவருக்கு ஒருவர் என்று மூன்று வகை.

பதிவு செய்த பாடம் விலை குறைவு. இலக்கண விதி, தேர்வு வினா அமைப்பு போன்றவற்றுக்கு உதவும். பிள்ளை தவறாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லாததால் பேச்சுக்கும் தொடக்க வாசிப்புக்கும் உதவாது.

குழு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நிமிட வகுப்பு, 12 பிள்ளைகள். ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மீதி 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு 1 நிமிடம் 40 விநாடி. நான்கு பேர் மட்டும் இருந்தால் ஐந்து நிமிடம். பேசப் பழகச் சேர்ப்பவர்கள் குழுவில் ஆறு பேருக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேர்வுக்கு எழுதிப் பழகும் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தாலும், விடைத்தாள் திருத்தப்பட்டு வந்தால் கேடில்லை.

ஒருவருக்கு ஒருவர் வகுப்பு விலை அதிகம். வகுப்பு நிலைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் பின்தங்கிய பிள்ளைக்கும், மற்றவர் முன் வாய் திறக்கவே அஞ்சும் பிள்ளைக்கும் அதைச் சொல்வேன். மூன்று நான்கு மாதம் இதில் படித்துவிட்டுச் சிறு குழுவுக்கு மாறலாம்.

ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பதே என் எண்ணம். "அவர் ஆசிரியர்" என்று தமிழில் சொல்லும்போது நடுவில் வினைச்சொல் எதுவும் வேண்டாம், ஆங்கிலத்தில் "இஸ்" இல்லாமல் வாக்கியம் நிற்காது. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் "ஏ", "தி" போன்ற சொற்களும் தமிழில் இல்லை, வினை கடைசியில்தான் வரும். அதனால் நம் பிள்ளைகள் "ஹி டீச்சர்" என்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் காரணத்தை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார். தெரியாதவர் "தவறு" என்று மட்டும் சொல்வார். மாறாக, ஓரளவு பேசத் தொடங்கிவிட்ட பிள்ளைக்குத் தமிழ் தெரியாத ஆசிரியர் நல்லது, ஆங்கிலத்திலேயே சமாளித்தாக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு உச்சரிப்பு கொண்ட ஆசிரியர் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெளிவாகப் பேசி, பொறுமையாகக் காத்திருக்கும் ஆசிரியர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

6. மூன்று இடங்களைத் தேர்ந்து, தொலைபேசியில் கேளுங்கள்

மூன்றுக்கு மேல் போனால் குழப்பம், ஒன்றோடு நின்றால் ஒப்பிட ஆளில்லை. முதல் கேள்வி: "இந்த வகுப்பின் நிலை என்ன?" பெரும்பாலும் "லெவல் 3" என்பது போன்ற விடை வரும். அது அந்த நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்த எண். பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது, பெயர் சிஇஎஃப்ஆர் (CEFR). ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு நிலைகள். கேம்பிரிட்ஜ் நடத்தும் சிறுவர் தேர்வுகளும் அதோடு பொருந்துபவை: ஸ்டார்ட்டர்ஸ் ஏ1-க்கு முந்தைய நிலை, மூவர்ஸ் ஏ1, ஃபிளையர்ஸ் ஏ2. "உங்கள் லெவல் 3 இதில் எங்கே வரும்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர்கள் பாடத்திட்டத்தைத் திட்டமிட்டு வைத்திருப்பவர்கள்.

அடுத்து, ஒரே ஆசிரியர்தான் தொடர்ந்து வருவாரா, பிள்ளை எழுதியதை யார் திருத்துவார், வராத வகுப்புக்கு ஈடு உண்டா, மாதந்தோறும் பணம் கட்டலாமா என்று கேளுங்கள். விடைகளை நோட்டில் எழுதுங்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் "முதலில் டெமோ பாருங்கள்" என்று மட்டும் சொல்லும் இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

7. டெமோ வகுப்பில் பென்சிலோடு உட்காருங்கள்

படத்தில் தெரியாத இடத்தில் அமருங்கள். பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொன்னால் ஒரு புள்ளி, முழு வாக்கியம் சொன்னால் ஒரு கோடு. வேறு எதையும் எழுத வேண்டாம். வகுப்பின் பயன் பிள்ளை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. ஆசிரியர் பேச்சில் மயங்கிவிட்டால் அதைக் கவனிக்கத் தவறுவோம். பென்சில் நம் கண்ணைப் பிள்ளைமேல் நிறுத்தும்.

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது மூன்று டெமோ பார்த்தோம். முதலாவதில் ஆசிரியர் கலகலப்பானவர், கையில் பொம்மை, திரையில் நட்சத்திரங்கள். முப்பது நிமிட முடிவில் என் தாளில் பதினொரு புள்ளி, ஒரு கோடு. அந்த ஒரு கோடும் தன் பெயரைச் சொன்னது. மகள் துள்ளிக்கொண்டு எழுந்தாள், "இதுவே இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாவது ஆசிரியர் மெதுவாகப் பேசினார், படம் எதுவும் காட்டவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் மனத்துக்குள் எண்ணினேன், ஏழு விநாடி. "ஐ ஈட் தோசை" என்றாள். "ஓ, யூ ஏட் தோசை! ஹூ மேட் இட்?" என்றார். "மை பாட்டி மேட் தோசை." இறந்தகால வடிவத்தை ஆசிரியரின் கேள்வியிலிருந்தே எடுத்துக்கொண்டாள். தவறு என்ற சொல் எழவே இல்லை. அன்று தாளில் பதினேழு கோடு. அவரிடம்தான் சேர்த்தோம். முதல் வாரம் மகள் பொம்மையைக் கேட்டாள், பிறகு மறந்துவிட்டாள்.

இந்தப் படியில் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, பக்கத்தில் இருந்துகொண்டு பெற்றோர் விடையைக் கிசுகிசுப்பது. பிள்ளையின் நிலை உயர்வாகத் தெரிந்து, பொருந்தாத வகுப்பில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது, டெமோ எடுத்தவரே பாடம் நடத்துவார் என்று எண்ணிவிடுவது. பல இடங்களில் டெமோவுக்கென்றே தனி ஆசிரியர் இருக்கிறார். உங்கள் பிள்ளைக்கு வரப்போகும் ஆசிரியரோடு ஒரு வகுப்பாவது கேட்டு வாங்குங்கள், அதற்குக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். மூன்றாவது, அன்றிரவே முடிவு செய்வது. "இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்று சொல்லப்படும் சலுகை அடுத்த வாரமும் வருகிறது. மூன்று டெமோவும் முடிந்து இரண்டு நாள் கழியட்டும்.

8. பணம்: மாதக் கட்டணத்தில் தொடங்குங்கள்

ஓராண்டுத் தொகுப்பு மலிவாகத் தோன்றும். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு: 96 வகுப்புக்கு 36,000 ரூபாய் என்றால் வகுப்புக்கு 375. தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் போக 60 வகுப்புதான் நடந்தது என்றால் வகுப்புக்கு 600. மாதம் மாதம் கட்டும் இடத்தில் வகுப்புக்கு 450 என்று சொன்னாலும் அதுவே உங்களுக்கு லாபம். விலை சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்று சொல்லி ஆதார், பான் எண், ஓடிபி கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் எடுக்கப்படும் கடன். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் உங்கள் கடன் மதிப்பெண் கெடும். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பிள்ளை இரண்டே மாதத்தில் விட்டுவிட்ட வகுப்புக்கு ஓராண்டுக்கு மேல் தவணை கட்டியது. அந்த அம்மா ஒப்புதல் கொடுத்தது கடனுக்கு என்பதே அவருக்கு முதல் தவணை பிடிக்கப்பட்ட நாளில்தான் தெரிந்தது. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் இணையவழிக் கல்வி நிறுவனங்கள் குறித்துப் பெற்றோருக்கு வெளியிட்ட அறிவுரையிலும், தானாகப் பணம் பிடிக்கும் முறையைத் தவிர்க்கும்படியும், விதிமுறைகளைப் படித்துவிட்டே ஒப்புக்கொள்ளும்படியும் கூறியிருக்கிறது.

பணம் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னது இதுதானே" என்று அனுப்பி, "ஆம்" என்ற விடையைப் படமெடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அங்கே போகும்போது அந்தப் படம்தான் உங்கள் சான்று.

9. பாதுகாப்பு: முதல் வகுப்புக்கு முன்பே

கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் எண்ணில் இருக்கட்டும். ஆசிரியர் பிள்ளையோடு தனியாகச் செய்தி பரிமாறும் வழி எதுவும் வேண்டாம். வீட்டுப்பாடம் உட்பட எல்லாம் உங்கள் வழியாக வரட்டும். கதவு திறந்திருக்கும் இடத்தில் வகுப்பு நடக்கட்டும். இதைத் தொடக்கத்திலேயே வழக்கமாக்கிவிட்டால் யாரையும் சந்தேகிப்பதுபோல் இருக்காது.

பிள்ளையின் படத்தையோ காணொளியையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் ஒப்புதல் விதிமுறைகளுக்குள் புதைந்திருக்கும். "ஒப்புதல் இல்லை" என்று எழுதி அனுப்புங்கள். "யாராவது உன்னைத் தனியாக அழைத்தாலோ, அம்மாவிடம் சொல்லாதே என்றாலோ உடனே என்னிடம் சொல். நான் கோபிக்க மாட்டேன்" என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள். சிறார் உதவி எண் 1098 வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

10. முதல் மாதமும் மூன்றாவது மாதமும்

முதல் மாதம் எதையும் அளக்காதீர்கள். பிள்ளை ஆசிரியரோடு பழகும் காலம் அது. வகுப்பு முடிந்ததும் "என்ன படித்தாய், ஆங்கிலத்தில் சொல்" என்று நிறுத்தி வைத்துக் கேட்பதையும் விட்டுவிடுங்கள். விருந்தினர் முன் பேசிக் காட்டச் சொல்வது அதைவிட மோசம், பேச வந்த பிள்ளையையும் அது வாயடைத்துவிடும். வகுப்பில்லாத நாளில் பத்து நிமிடம், முந்தைய வகுப்பில் படித்த பக்கத்தை உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். உங்களுக்குப் பொருள் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கேளுங்கள். அம்மாவுக்கு ஆசிரியராக இருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

மூன்றாவது மாத முடிவில் இரண்டாம் படியின் நான்கு சோதனைகளையும் அதே நூலில், புதிய பக்கத்தில் செய்யுங்கள். பழைய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுப் புதியதைக் கேளுங்கள். பிழை குறைந்ததா என்பதைவிட, ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதலில் நீளம் கூடும், திருத்தம் பிறகு வரும். நீளம் கூடியிருந்தால் தொடருங்கள்.

எதுவும் மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் இரண்டு பதிவுகளையும் காட்டிப் பேசுங்கள். நல்ல ஆசிரியர் கேட்டுவிட்டு எதை மாற்றுவேன் என்று சொல்வார். அந்த மாற்றத்துக்கு ஒரு மாதம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நிறுத்திவிடலாம்.

நிறுத்தும்போது அடுத்த கட்டணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த ஒப்புதலை நீங்களே நீக்குங்கள். செயலியை அழித்தால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. பிள்ளை எழுதிய தாள்களையும் நிலை அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆசிரியர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவற்றிலிருந்து தெரிந்துகொள்வார்.